பூனைக்கு ஒரு கல்லீரல், பசுவுக்கு ஒரு கல்லீரல்

மூன்று பூனைகள். மூன்றும் நல்ல இனம், மூன்றுக்கும் உடம்பு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. வளர்த்தவர்கள் முடியை மழித்துவிட்டு, கடையில் வாங்கிய கலப்பில்லாத டீ ட்ரீ ஆயிலை அப்படியே பூசினார்கள். ரசாயன மருந்தைவிட இயற்கையானது நல்லது என்று நினைத்திருக்கலாம். சில மணி நேரத்தில் ஒன்று நிற்க முடியாமல் துவண்டது. இன்னொன்று உடல் சில்லிட்டு நினைவிழந்தது. மூன்றாவதுக்கு நடுக்கம். இரண்டு பிழைத்தன, ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. அவற்றின் சிறுநீரில் அந்த எண்ணெயின் முக்கிய வேதிப்பொருளான டெர்பினன்-4-ஆல் இருந்தது. பூசியது தோலின் மேல்தான். ஆனால் அது ரத்தத்துக்கும் போய், சிறுநீர் வரைக்கும் வந்துவிட்டது. 1998-ல் அமெரிக்காவின் கால்நடை நோயறிதல் ஆய்விதழ் ஒன்றில் இந்தச் சம்பவம் பதிவானது.

அது ஏதோ அபூர்வமான விபத்து என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு விலங்குகளுக்கென்றே ஒரு நஞ்சு ஆலோசனை மையம் நடத்துகிறது. அங்கே 2002 முதல் 2012 வரை வந்த தொலைபேசி அழைப்புகளிலிருந்து டீ ட்ரீ ஆயிலால் பாதிக்கப்பட்ட விலங்குகளை மட்டும் பிரித்தெடுத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 337 நாய்கள், 106 பூனைகள், ஆக மொத்தம் 443. இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னோர் எண். இந்த 443-ல் 395 விலங்குகளுக்கு, அதாவது 89 சதவீதத்துக்கு, எண்ணெய் தெரியாமல் படவில்லை. வளர்ப்பவரே வேண்டுமென்றே போட்டது. குப்பியைத் தட்டிவிட்டு நக்கியதெல்லாம் மீதி 11 சதவீதத்தில் அடங்கிவிடுகிறது. எலி பாஷாணத்தைப் பூட்டி வைக்க நமக்குத் தெரியும். மருந்து என்று நம்பி எடுக்கிற குப்பியை யார் பூட்டி வைக்கிறார்கள்?

நம் வீடுகளில் டீ ட்ரீ ஆயில் புதுசு. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் எப்போதோ குடியேறிவிட்டார்கள். சளி பிடித்தால் நீலகிரித் தைலம். பல்வலிக்குக் கிராம்புத் தைலம். மூட்டுவலிக்கு விண்டர்கிரீன், தலைவலிக்கு பாம். தரை துடைக்கும் வாளியில் நாலு சொட்டு லெமன்கிராஸ். பூஜை அலமாரியில் கற்பூரம். இப்போது ஹாலில் ஊதா வெளிச்சத்தோடு புகை விடும் டிஃப்யூசர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதே ஹாலில் சோபாவுக்கு அடியில் பூனை, வாசலில் நாய், பால்கனிக் கூண்டில் லவ் பேர்ட்ஸ், மூலையில் மீன் தொட்டி. இத்தனை பேருக்கும் ஒரே காற்று.

பூனையிடம் பழுதான மரபணு

நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொழுப்பு எண்ணெய்கள். ஒரு துளி காகிதத்தில் பட்டால் கறை நிற்கும். தைலம் அப்படியல்ல, ஆவியாகிப் பறந்துவிடும். இலையிலும் பட்டையிலும் துளித்துளியாக ஒளிந்திருப்பதை நீராவியில் வடித்து எடுப்பதால்தான் அதற்கு இவ்வளவு வீரியம். ஊட்டிப் பக்கம் யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் போட்டு வடிப்பவர்களைக் கேட்டால் தெரியும், நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் எண்ணெய் கிடைக்கும். மரத்தடியில் உதிர்ந்த இலையை ஒரு நாய் முகர்ந்துவிட்டுப் போவதும், அந்த எண்ணெயை அதன் கழுத்தில் தேய்ப்பதும் எப்படி ஒன்றாகும்? ஆனால் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் இலைப் படம் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்கிறது.

இந்த எண்ணெய்கள் உடம்புக்குள் போனதும் கல்லீரல் அவற்றை மாற்றி, குளுக்குரோனிக் அமிலம் என்ற ஒன்றை ஒட்டி, தண்ணீரில் கரையும்படி செய்து வெளியே அனுப்புகிறது. ஒட்டும் வேலையைச் செய்பவை சில நொதிகள். நமக்கு அவை போதுமான அளவு உண்டு. நாய்க்கும் ஓரளவு உண்டு. பூனைக்கு அதில் ஒரு முக்கியமான நொதியே கிடையாது. அதற்கான யு.ஜி.டி.1ஏ6 என்கிற மரபணு பூனையிடம் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது, வேலை செய்வதில்லை. 2000-ம் ஆண்டில் இதை உறுதிப்படுத்தினார்கள். பின்னால் பார்த்ததில் சிங்கம், புலி உட்படப் பூனைக் குடும்பம் முழுக்க இதே கதை. தலைமுறை தலைமுறையாக மாமிசம் மட்டும் தின்று வந்த குடும்பத்துக்குச் செடிகளின் நஞ்சை முறிக்கும் அவசியம் வரவில்லை, கருவி துருப்பிடித்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நமக்குச் சாதாரணமான ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கிராம்பு, ஓமம், தைம் போன்றவற்றின் எண்ணெயில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு ஆகாமல் போவதும் இதனால்தான்.

எதிர்த்திசையில் ஒரு பிராணி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கோலா. யூகலிப்டஸ் இலைதான் அதற்குக் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு. 2018-ல் அதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, நஞ்சை உடைக்கும் ஒரு நொதிக் குடும்பத்தின் மரபணுக்கள் மட்டும் அதனிடம் 31 இருந்தன. மற்ற விலங்குகளிடம் காண்பதைவிட வெகு அதிகம். கோலா தின்று செரிக்கும் இலையின் எண்ணெய் பூனைக்கு நஞ்சு. இதில் எண்ணெயைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘இது நல்ல எண்ணெயா, கெட்ட எண்ணெயா’ என்ற கேள்வியே தவறு. ‘யாருக்கு’ என்றுதான் கேட்க வேண்டும்.

மடியில் படுக்கும் பூனை

விண்டர்கிரீன் எண்ணெயில் ஏறத்தாழ முழுவதும் மீதைல் சாலிசிலேட். அது ஆஸ்பிரினுக்கு உறவு. ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் சரக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஊட்டி போய்வருபவர்கள் பைக்குள் போட்டுக்கொண்டு வரும் சின்னக் குப்பிக்குள் இவ்வளவு இருக்கிறது. பல வலி பாம்களிலும் ஆயின்ட்மென்ட்களிலும் இதே பொருள், அளவு குறைத்து, மென்தாலும் கற்பூரமும் சேர்த்து இருக்கும். ஆஸ்பிரின் நாயின் ரத்தத்தில் பாதியாகக் குறைய எட்டு மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. பூனைக்கு ஒன்றரை நாளுக்கும் மேல். நேற்றுப் போனது தீர்வதற்குள் இன்று கொஞ்சம், நாளைக் கொஞ்சம் என்று சேர்ந்துகொண்டே போகும்.

பாட்டி முழங்காலில் பாமைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறார். பூனை மடியில் ஏறிப் படுக்கிறது. எழுந்து போய்த் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறது. யாரும் அதற்கு எதையும் கொடுக்கவில்லை. ஆனால் அது குடித்துவிட்டது. பூனை விஷயத்தில் தோலில் படுவதற்கும் வாயில் ஊற்றுவதற்கும் அதிக தூரமில்லை.

டிஃப்யூசரும் இதே வழியில்தான் பூனையின் வாய்க்குப் போகிறது. குச்சி செருகி வைக்கும் வகை வெறும் வாசனையை மட்டும் விடும். குப்பி கவிழாதவரை பெரிய ஆபத்து மூச்சுக்குழாய்க்குத்தான், அதுவும் ஆஸ்துமா உள்ள பூனைக்கு. அல்ட்ராசானிக் வகை எண்ணெயையே நுண்துளியாக்கி வீசுகிறது. அந்தத் துளிகள் எங்காவது போய் உட்கார வேண்டுமே. தரை, சோபா, பூனையின் முதுகு. கதவு சாத்திய ஏ.சி. அறையில் இரவு முழுக்க ஓடினால் கணக்கு இன்னும் மோசம். அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, பிராணி வெளியேற ஒரு கதவைத் திறந்தே விடுவது: நாய் இருக்கும் வீட்டுக்கு இது போதும். பூனை இருக்கும் வீட்டில் அந்த இயந்திரமே வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் நறுமணம் இல்லாமல் யாரும் செத்ததில்லை.

தரைக்கு வருவோம். எசென்ஷியல் ஆயில் வாங்காத வீட்டிலும் ஃபினாயில் இருக்கும். வெள்ளை ஃபினாயிலில் பைன் எண்ணெய். கறுப்பு ஃபினாயிலில் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரசால் வகைகள். அது பூனைக்கு நேரடி எதிரி. ஈரத் தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்காமல் விடாது. ஃபினாயில் போட்டே ஆக வேண்டுமென்றால் பிராணியை வேறு அறையில் வைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, தரை காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.

அடுத்தது, வீட்டுக்கு வீடு சுற்றிவரும் ஒரு கைவைத்தியம். கொசு மருந்து தீர்ந்த லிக்விட் பாட்டிலில் வேப்பெண்ணெயை ஊற்றி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, மறுபடி மெஷினில் செருகுவது. ரசாயனம் இல்லை என்று பெருமையாகச் செய்கிறோம். இன்று கடையில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி மரத்திலிருந்து வருவதில்லை. டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. அது போகட்டும், மரத்துக் கற்பூரமும் வலிப்பை வரவழைக்கும் பொருள்தான். குழந்தைகளுக்கு அதனால் நேர்ந்த விபரீதங்களைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1983-ல், மேலே பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. பூஜைத் தட்டில் இருக்கும் கட்டியில் கலப்பே இல்லை. நாய்க்குட்டி கடித்துப் பார்க்கிற உயரத்தில் அதை வைக்க வேண்டாம். ஏற்கெனவே வலிப்பு வரும் நாய் உள்ள வீட்டில் கற்பூரம், நீலகிரித் தைலம், ரோஸ்மேரி எண்ணெய் மூன்றையும் தள்ளியே வையுங்கள்.

கூண்டும் தொட்டியும்

பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்குவதல்ல. காற்றுப் பைகள் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை விடும்போதும் புதுக்காற்று நுரையீரலுக்குள் போகும். அவ்வளவு உயரத்தில் பறக்க அதுதான் உதவி, கூண்டுக்குள் அதுவே உபத்திரவம். காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறியக் கேனரிப் பறவைகளைக் கூண்டோடு கொண்டு போனதும் இதனால்தான். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. கூண்டுப் பறவை இருக்கும் அறையில் டிஃப்யூசர், ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். பறவை எழுந்து அடுத்த அறைக்குப் போக முடியாது.

மீனுக்கும் அப்படியே. கிராம்புத் தைலத்தில் இருக்கும் யூஜினால் மீனை மயக்க ஆய்வகங்களில் பயன்படுவது. ஒரு லிட்டர் நீருக்கு 40, 50 மில்லிகிராம் போனாலே பல மீன்கள் புரண்டுவிடும், கூடினால் எழுந்திருக்காது. ஒரு சொட்டுத் தைலம் ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு உங்கள் கண்ணாடிக் குடுவையின் கொள்ளளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழுவத்தில் வேறு சட்டம்

இத்தனையும் படித்துவிட்டு, தைலமே விலங்குக்கு ஆகாது என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. மாட்டுக்கு வயிறு உப்பினால் கடலை எண்ணெயோடு டர்பன்டைன் கலந்து புகட்டுவது நம் கால்நடை மருத்துவத்தில் பழைய முறை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் புழுப்புண் வந்தால் பஞ்சை டர்பன்டைனில் நனைத்து வைத்துப் புழுவை வெளியேற்றுவதும் உண்டு. டர்பன்டைனும் பைன் மரத்துத் தைலம்தான். தேனீப் பெட்டிகளில் வரோவா என்ற உண்ணியை ஒழிக்க, ஓமத்தில் இருக்கும் தைமாலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை முழுதாகத் தடை செய்த பிறகு, கோழி, பன்றித் தீவனங்களில் ஆரிகனோ, தைம் எண்ணெய்களுக்கு மவுசு கூடியது.

மரபுக் கால்நடை மருத்துவத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகைக் கலவைகள் தமிழகத்தையும் தாண்டிப் போயிருக்கின்றன. மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. உண்ணிக்குப் பூண்டு, வேம்பு, வசம்பு, உண்ணிச்செடி இலை, துளசி, மஞ்சள். இவை பெரும்பாலும் இலையையும் கிழங்கையும் அரைத்தவை, வடித்த தைலம் அல்ல; தவிர, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பசுவுக்கு வகுத்தவை. கஷ்டம் எங்கே வருகிறது என்றால், தொழுவத்தில் பலித்த மருந்து வீட்டுக்குள் வரும்போது. மாட்டுக்கு வைத்த டர்பன்டைன் பஞ்சை அதே கையோடு பூனையின் புண்ணிலும் வைப்பது. மாட்டுக்கு அரைத்த பூண்டுக் கலவையை நாய்க்கும் தேய்ப்பது. நாயும் பூனையும் அதை நக்கும், பூண்டு இரண்டின் ரத்த அணுக்களையும் சிதைக்கும். நாலு கிலோ பூனை சின்ன மாடு அல்ல.

நாய்களுக்கு வாசனையால் நன்மையே இல்லையா? உண்டு என்பதற்குச் சில ஆய்வுகள் இருக்கின்றன. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ் இதில் முக்கியமானவர். காரில் ஏறினால் குரைத்துத் துள்ளும் 32 நாய்களை வைத்து அவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வண்டிக்குள் லாவெண்டர் மணம் இருந்தபோது அவை அதிக நேரம் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தன, சத்தம் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், காப்பகத்திலிருந்த 55 நாய்கள் லாவெண்டர், கெமோமில் மணத்துக்கு அமைதியாயின; ரோஸ்மேரி, பெப்பர்மின்ட் மணத்துக்கு எழுந்து நடமாடின. இரண்டிலும் காற்றில் வந்த மணம் மட்டும்தான். யாரும் நாயின் காதில் எண்ணெயைத் தேய்க்கவில்லை. விற்பவர்கள் இந்த ஆய்வுகளைச் சொல்வார்கள், இந்த வித்தியாசத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பூனைகளே தேடிப்போகும் செடிகளும் உண்டு. குப்பைமேனி வேரைப் பிடுங்கிப் போட்டால் எங்கிருந்தோ பூனை வந்து புரளும். ஜப்பானில் சில்வர் வைன் என்ற கொடியின் இலையில் பூனைகள் முகத்தைத் தேய்த்துக்கொள்வது ஏன் என்று ஆராய்ந்தவர்கள், அந்த இலையிலுள்ள ஒரு பொருள் கொசுவை விரட்டுவதை 2021-ல் கண்டார்கள். பூனை தனக்குத் தேவையான அளவு தேய்த்துக்கொண்டு, போதுமென்றால் எழுந்து போகிறது. அந்த உரிமை டிஃப்யூசர் ஓடும் பூட்டிய அறையில் அதற்கு இல்லை.

பட்டுவிட்டால்

உண்ணிக்காகத்தான் பெரும்பாலும் கை தைலத்தை நாடுகிறது. நாயின் உண்ணி வெறும் அரிப்புப் பிரச்சினை அல்ல. டிக் ஃபீவர் என்று டாக்டர்கள் சொல்லும் எர்லிக்கியா நோயை அது பரப்புகிறது. எடையைப் பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள், கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் இதற்கென்று இருக்கின்றன, சோதித்து அளவு வகுத்தவை. இங்கே ‘ரசாயனம்’ என்பது வசைச்சொல் அல்ல. ஆனால் ஒன்று: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு விடக் கூடாது. அங்கேயும் அதே கல்லீரல்தான் குறுக்கே நிற்கிறது.

தைலம் பட்டுவிட்டதா? எச்சில் ஒழுகுவது, வாயைக் காலால் தேய்ப்பது, தள்ளாடுவது, பின்னங்கால் இழுப்பது, நடுக்கம், உடல் சில்லிடுவது ஆகியவை முதல் அறிகுறிகள். பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயிலால் என்று இருந்துவிடாதீர்கள். தோலில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் விட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். எண்ணெயை வெறும் தண்ணீர் எடுக்காது. மண்ணெண்ணெய், தின்னர், சானிடைசர் வைத்துத் துடைக்க வேண்டாம். துவட்டி, துண்டில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள், நக்க விடாதீர்கள். விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர் வழக்கம். இங்கே அதுதான் பெரிய தவறு. மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. பாலும் ஊற்ற வேண்டாம். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பெயர், சதவீதம், பட்ட நேரம், உத்தேசமாக எத்தனை மில்லி என்பதைச் சொன்னால் அவர் வேலை பாதி குறையும். இயற்கை மருந்து போட்டோம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ‘திடீர்னு இப்படி ஆயிடுச்சு டாக்டர்’ என்று தொடங்குபவர்களால் வீணாவது பிராணிக்குக் கிடைக்கும் அவகாசம்தான்.

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, உடம்பைச் சூடாக வைத்து, வலிப்பு வந்தால் அடக்கி, கல்லீரலைக் கவனித்துக்கொண்டு எண்ணெய் வெளியேறக் காத்திருப்பதுதான் சிகிச்சை. டீ ட்ரீ ஆயிலில் அறிகுறிகள் தென்பட இரண்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தொடங்கினால் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம் என்கிறது அந்த 2014 ஆய்வு. எடை குறைந்த பூனைகளும் குட்டிகளும்தான் அதில் மோசமாக அவதிப்பட்டன. ஆகவே பட்ட உடனே ஒன்றும் தெரியவில்லை என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். முதல் நாள் இரவு எழுந்து கொஞ்சம் பால் குடித்துவிட்டது என்று மறுநாள் டாக்டர் வரச் சொன்னதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.